எந்தப் பேப்பர் தம்பி?

கையில் கொஞ்சம் பெரிய லென்ஸ் இருந்தால் போதும், சென்னையில் எந்த மைதானத்து வாசலிலும் முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பேப்பர் தம்பி?" கேட்பவர் செக்யூரிட்டியாக இருக்கலாம், சங்கத்துச் செயலாளராக இருக்கலாம், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவராகக்கூட இருக்கலாம். நான் எந்தப் பேப்பரும் இல்லை. வாரம் முழுக்க அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, சனி ஞாயிறுகளில் விளையாட்டுப் படம் எடுப்பவன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லி உள்ளே போவது எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கும் சலித்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மனதில் இருப்பது சேப்பாக்கம். மஞ்சள் சட்டைக் கூட்டம், விளக்கு வெளிச்சம், விளம்பரப் பலகைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர்கள். "அங்க உட்கார என்ன வழி?" வழி இருக்கிறது. ஆனால் அது வாலாஜா சாலையில் தொடங்குவதில்லை.

முதலில் பார்வையாளர் கேலரி விஷயத்தை முடித்துவிடலாம். ஐபிஎல் போன்ற பெரிய ஆட்டங்களில் லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவைப் பார்வையாளர் உள்ளே கொண்டு போக முடியாது. டிக்கெட் நிபந்தனைகளிலேயே இருக்கும், யாரும் படிப்பதில்லை. வாசலில் நின்று "டிக்கெட் வாங்கியிருக்கேன் சார்" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் செக்யூரிட்டிக்காரர் மீது தப்பில்லை. டிக்கெட் வாங்கியவர் ஆட்டத்தைப் பார்க்கத்தான் காசு கொடுத்திருக்கிறார். அதைப் படமெடுத்து விற்கிற உரிமை தனி வியாபாரம். அதற்கு வேறு ஆட்கள், வேறு ஒப்பந்தங்கள்.

அந்த வியாபாரம் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2012 நவம்பரில் இங்கிலாந்து அணி டெஸ்ட் தொடர் ஆட இந்தியா வந்தபோது, கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட சில படநிறுவனங்களுக்கு அனுமதி தர பிசிசிஐ மறுத்துவிட்டது. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி மாதிரி பெரிய செய்தி நிறுவனங்கள் அந்தத் தொடரிலிருந்து செய்தியும் படமும் அனுப்புவதை நிறுத்தின. உலகம் முழுக்க ஆள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கே வாசல் மூடும் என்றால், நாம் ஒரு மெயில் தட்டி "நான் கிரிக்கெட் ரசிகன், நன்றாகப் படம் எடுப்பேன்" என்று கேட்பது எங்கே போய் நிற்கும்?

உள்ளே உட்கார்ந்து படமெடுக்க அனுமதிக்கும் அக்ரெடிடேஷன் என்ற அட்டையை ஆளைப் பார்த்துத் தருவதில்லை. ஆளை அனுப்பும் நிறுவனத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள். விண்ணப்பத்தில் கேட்பதும் அதைத்தான்: ஆசிரியர் கையெழுத்துப் போட்ட லெட்டர்ஹெட் கடிதம், சமீபத்தில் பெயரோடு வெளியான படங்கள், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒலிம்பிக்கில் இது இன்னும் இறுக்கம். ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பத்திரிகை இடம் என்று ஒதுக்கி, அதை அந்தந்த நாட்டு ஒலிம்பிக் சங்கம் வழியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அரசு அங்கீகார அட்டை வைத்திருக்கும் மூத்த பத்திரிகையாளர்கூட ஒரு மேட்சுக்குள் நுழைய அந்த மேட்சை நடத்துபவரிடம் தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

ஆக, வெளியான படம் இருந்தால்தான் பாஸ், பாஸ் இருந்தால்தான் வெளியிடுகிற மாதிரி படம். இந்தச் சுழலில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். சிலர் அங்கேயே வெறுத்துப்போய் பறவைப் படம் எடுக்க வேடந்தாங்கல் போய்விடுகிறார்கள். (தப்பில்லை. கொக்கு பாஸ் கேட்காது.)

ஆனால் சென்னையில் இருக்கிறவர்கள் இந்தச் சுழலில் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் கட்சி. இந்த ஊரில் வாசலே இல்லாத மைதானங்கள் அத்தனை இருக்கின்றன. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களில் நடக்கின்றன. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்கோரர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், உங்களையும் சேர்த்து நாலைந்து பேர்தான் பார்வையாளர்கள். வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பையன்கள் ஆடும் கால்பந்தின் வேகத்துக்கு உங்கள் ஆட்டோஃபோகஸ் திணறும். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் விளக்கு கட்டி ராத்திரி முழுக்க வாலிபால் நடக்கும். தை மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு கபடி. சென்னை மாரத்தான் அன்று ரோட்டோரத்தில் நின்று எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

வடசென்னையின் கேரம் கிளப்களை எத்தனை போட்டோகிராபர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஜெயித்த பிறகு பொன்னாடையோடு எடுத்த படங்கள் ஆயிரம் வந்தன. அதற்கு முந்தைய வருடங்களில், டியூப்லைட் வெளிச்சத்தில், பவுடர் படிந்த விரலோடு ஸ்ட்ரைக்கரைக் குறி பார்க்கும் படம் ஒருவரிடம் இருந்திருந்தால், அன்றைக்கு ஆசிரியர்கள் அவரைத் தேடிப் போயிருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில் எடுத்து வைப்பதுதான் பேப்பர் பின்னணி இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே சாதகம். சேப்பாக்கத்தில் தோனியை எடுக்க நீங்கள் தேவையில்லை. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

வாசல் இல்லாத இடத்திலும் கேட்காமல் எடுக்கக் கூடாது. செயலாளரைக் கண்டுபிடித்து நேரில் கேட்க வேண்டும். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். துணி விரித்த மேஜையில் கோப்பைகள் அடுக்கியிருக்கும், பக்கத்தில் மைக், அந்த மைக்கை யாரிடமும் தராமல் வைத்திருப்பவர்தான் செயலாளர். ஒரு வாலிபால் போட்டியில் நடந்த உரையாடல் இது, கிட்டத்தட்ட அப்படியே:

"எந்தப் பேப்பர் தம்பி?"

"பேப்பர் இல்லண்ணே. நானா எடுக்கிறேன். எடுத்து உங்களுக்கும் தரேன்."

"எவ்ளோ?"

"காசு வேணாம்ணே."

அவர் முகம் மாறிவிட்டது. "காசு வேணாம்னா அப்புறம் எதுக்கு?"

நியாயமான சந்தேகம். காசு கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார், கேட்காததால் நான் யாரோ எதிர்க்கோஷ்டி அனுப்பிய ஆள் என்று நினைத்தாரோ என்னவோ. போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். ஸ்பைக் அடிக்க எம்பிய பையன் ஒருவன் வலைக்கு மேலே தெரியும் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "இது நம்ம கொடுங்கையூர் பையனாச்சே" என்றார். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிபந்தனை வேறு: "எடு. ஆனா சீஃப் கெஸ்ட் வந்ததும் பொன்னாடை போத்துவோம், அத விட்டுடாத."

சின்னப் போட்டிகளில் இந்தப் பொன்னாடைப் படம்தான் நுழைவுக் கட்டணம். உள்ளூர்ப் பிரமுகர் வருவார், நன்கொடை கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை, ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு படம். கலைஞனாக நமக்குள் இருப்பவன் நெளிவான். நெளியட்டும். அந்தப் படங்களைப் பளிச்சென்று ஃப்ளாஷ் போட்டு எடுத்து, மறுநாள் காலையிலேயே செயலாளர் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டால், அடுத்த வருடப் போட்டிக்கு அவரே கூப்பிடுவார். அதைவிட முக்கியம், அவர் மாவட்டச் சங்கத்தில் ஒருவரிடம் சொல்வார், அவர் மாநிலச் சங்கத்தில் ஒருவரிடம். தமிழ்நாட்டு விளையாட்டு உலகத்தில் எல்லாக் கதவும் இப்படித்தான் திறக்கிறது. மெயிலுக்குப் பதில் வராது. "நம்ம தம்பிதான், நல்லா எடுப்பாப்ல" என்ற ஒரு வார்த்தைக்கு வரும்.

இப்படி ஒரு சீசன் முழுக்கச் சுற்றினால் கையில் படங்கள் சேரும். எல்லாவற்றையும் காட்டாதீர்கள். பதினைந்து, இருபது படங்கள் போதும். ஒரே விளையாட்டாக இல்லாமல் கலந்து இருக்கட்டும். வெறும் அதிரடி மட்டும் வேண்டாம். தோற்றவன் முகம், பயிற்சியாளர் கத்துவது, காலில் டேப் சுற்றுவது இதெல்லாம் ஆசிரியர்கள் கண்ணில் படும். இதை வைத்துக்கொண்டு பெரிய நாளிதழின் வாசலுக்குப் போகாமல், விளையாட்டுக்கென்றே நடக்கும் சின்ன இணையதளங்கள், மாத இதழ்கள், சங்கங்களின் செய்தி மடல்கள் என்று தேடுங்கள். இவர்களிடம் எழுத ஆள் இருக்கும், படம் எடுக்க ஆள் இருக்காது. ஏஜென்சி படம் வாங்கக் காசும் இருக்காது. நான் முதலில் போய் ஒட்டிக்கொண்டது அப்படி ஒரு சின்னத் தளத்தில்தான்.

என்ன எழுதிக் கேட்பது என்று தெரியாமல் நிறையப் பேர் தவிக்கிறார்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐயா, வருகிற வாரம் எழும்பூரில் நடக்கும் ஹாக்கிப் போட்டியின் காலிறுதி முதல் இறுதி வரை படம் எடுக்க விரும்புகிறேன். நான் முழுநேரப் பத்திரிகையாளர் அல்லன். கடந்த சீசனில் எடுத்த படங்கள் இந்த இணைப்பில் உள்ளன. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெயர்க்குறிப்போடு பத்துப் படம் தர முடியும். உங்கள் தளத்துக்காக அமைப்பாளருக்கு ஒரு கடிதம் தர இயலுமா?" எந்தப் போட்டி, எத்தனை படம், எப்போது கிடைக்கும். ஆசிரியருக்கு வேண்டியது இந்த மூன்றுதான். "முழுநேரப் பத்திரிகையாளர் அல்லன்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். நான் எடுக்கவில்லை. பின்னால் தெரிந்து கெட்ட பெயர் வாங்குவதைவிட முன்னால் சொல்லி மறுக்கப்படுவது மேல்.

கடிதம் கிடைத்து, போட்டி முடிந்து, ஒரு படமும் வெளியாகவில்லை என்றால் அந்தத் தளத்துக்கும் சேர்த்து அடுத்த முறை கதவு மூடிவிடும். எங்கே எது வந்தது என்று அமைப்பாளர்கள் பார்க்கிறார்கள். பெரிய போட்டிகளில் அதற்கென்றே ஆள் உண்டு.

இந்த இடத்தில் குறுக்கு வழி ஆசாமிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்தால் ஏதோ ஒரு பெயரில் "பிரஸ்" அட்டை அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்துப் பட்டையோடு, ஹோலோகிராம் ஒட்டி, பார்க்க அசலைவிட அழகாக இருக்கும். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை சொந்த வண்டிகளில் பிரஸ், போலீஸ், வக்கீல் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிபவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். அந்த அளவுக்கு இந்த நோய் முற்றிப் போயிருந்தது. இப்படி அட்டை வாங்கினால் கல்யாண மண்டபத்தில் பார்க்கிங் கிடைக்கலாம், மைதானத்துக்குள் போக முடியாது. உள்ளே இருக்கும் போட்டோகிராபர்கள் ஒருவரை ஒருவர் இருபது வருடமாக அறிந்தவர்கள். புது முகம் வந்தால் இரண்டே கேள்வியில் ஆழம் பார்த்துவிடுவார்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கத்தைப் பற்றி எனக்கு நிறையப் பேசத் தோன்றும், எனக்குப் பிடித்த இடம் அது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்ததே, இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்தது, அதே இடம்தான். நான் போனது அவ்வளவு பெரிய ஆட்டங்களுக்கு இல்லை, உள்நாட்டுப் போட்டிகளுக்கு. கையில் பிப் என்று சொல்லும் கையில்லாச் சட்டையைக் கொடுப்பார்கள், எண் போட்டிருக்கும். போட்டோகிராபர்களுக்குப் பின்கோட்டுக்குப் பின்னால் இடம். அங்கே உட்கார்ந்த பிறகுதான் டிவியில் பார்க்கும் ஹாக்கி எவ்வளவு சாதுவானது என்று புரியும். பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் என்று மட்டையால் இழுத்து வீசும் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். கோல் போஸ்டுக்கு நேர் பின்னால் வலை இருக்கிறது, பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. பந்து பலகையில் மோதும் சத்தம் பட்டாசு மாதிரி காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவனுக்குப் பந்து எங்கே வருகிறது என்று தெரியாது.

முதல் நாள் நான் ஆசையாகக் கோலுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, பெரிய பத்திரிகை ஒன்றிலிருந்து வந்த மூத்த போட்டோகிராபர் ஒருவர் காலால் என் ஸ்டூலைத் தட்டி, "இன்னும் ரெண்டு அடி அந்தாண்ட போ. மூஞ்சி வேணும்ல?" என்றார். தள்ளிப் போனேன். தண்ணீர் பீய்ச்சிய நீல டர்ஃபிலிருந்து மட்டை வீச்சில் நீர்த்துளி விசிறியாக எழும்புவது அந்தக் கோணத்தில்தான் தெரிந்தது. அவர் சொன்னது பாதுகாப்புக்காக, கிடைத்தது படமும்கூட. நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நீலத் தரை குழப்பிவிடும், அதனால் முன்கூட்டியே கையால் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதே மனிதரிடம் கேட்டது.

இடைவேளையில் அவர் இன்னொன்று சொன்னார். அன்றைக்கு நான் கேட்டதிலேயே பெரிய பாடம் அதுதான். "படம் யாரு வேணா எடுப்பான் தம்பி. கேப்ஷன் எழுதுறியா?" கேப்ஷன் இல்லாத படத்தை ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. யார், யாருக்கு எதிராக, எந்த ஊர், எந்தத் தேதி, எந்த நிமிடம். ஹாக்கியில் முகமூடி போட்டு பெனால்டி கார்னருக்கு ஓடி வருபவர்களில் யார் யார் என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். கோல் விழுந்ததும் ஸ்கோர்போர்டை ஒரு கிளிக். அரை மணி நேரத் தலைவலி மிச்சம். தகவலைப் படக் கோப்புக்குள்ளேயே, ஐபிடிசி என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே எழுதிவிட்டால் படம் எங்கே போனாலும் உங்கள் பெயரும் கூடவே போகும்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு நடத்தை உண்டு. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரிவதற்காக வைக்கும் சைட்ஸ்கிரீன் திரைப் பக்கம் ஓவர் நடுவே எழுந்து நடந்தால் பேட்ஸ்மேன் கை தூக்கி ஆட்டத்தை நிறுத்துவார், மைதானமே உங்களைப் பார்க்கும். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் சர்வ் போட பந்தைத் தட்டும்போது ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது. இப்போது சத்தமே இல்லாத கேமராக்கள் வந்துவிட்டன, பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சர்வ் அடிக்கும்வரை விரலைக் கட்டிப்போட வேண்டியதுதான். செஸ்ஸில் பொதுவாகச் சுற்று தொடங்கும் முதல் சில நிமிடங்கள்தான் போட்டோகிராபர்களுக்கு, ஃப்ளாஷ் கிடையாது, பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு செஸ் படம் எடுக்கும் ஆசை நம் ஊரில் பலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் முதலில் பழக வேண்டியது அந்தச் சில நிமிடங்களுக்குள் எந்த மேஜைக்கு முதலில் போவது என்ற கணக்கை. தடகளத்தில் முடிவுக்கோட்டு கேமராவின் பார்வையை மறைத்துவிட்டால் நடுவர்கள் மன்னிக்கவே மாட்டார்கள்.

இருங்காட்டுக்கோட்டை தனி உலகம். 1990இல் வந்த 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. அங்கே தடத்தை ஒட்டி நிற்க வேண்டுமென்றால் என்ன நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், தனிச் சட்டை போட வேண்டும், கொடி வைத்திருக்கும் மார்ஷல் சொல்வதுதான் சட்டம். வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது. புதியவர்களை அங்கே நிறுத்த அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பார்வையாளர் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கம்பி வேலியோடு லென்ஸை ஒட்டி வைத்து, வெளிச்சம் உள்ளே வரும் துவாரமான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால் கம்பி மறைந்தே போய்விடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை, அதைப் பேசவே பலர் இருக்கிறார்கள். பகல் ஆட்டத்துக்கு 150-600 ஜூம் ஒன்று போதும். இருட்டியதும் அது கைவிட்டுவிடும், அப்போது அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் 70-200 எஃப் 2.8 லென்ஸ். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ராத்திரி வாலிபாலில் அடுத்தடுத்த படங்கள் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று கறுப்பாகவும் வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்கு ஓட வேண்டாம். நம் மின்சாரத்தில் அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்குகின்றன. மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் என்று ஒன்று இருக்கும். ஏசி அறையிலிருந்து நேராக மே மாத வெயிலுக்கு லென்ஸை எடுத்தால் கண்ணாடி மூடுபனி பிடிக்கும், அரை மணி முன்னாலேயே பையோடு வெளியே வையுங்கள். கடற்கரை ஊரில் பூஞ்சை வேறு. சிலிகா ஜெல்லோடு மூடி போட்ட டப்பா.

இனிக் காசு. முதலில் இலவசமாகக் கொடுத்தேன் என்று சொன்னேன். எதுவரை இலவசம் என்பதில் எனக்கு ஒரு கோடு இருக்கிறது. காசே இல்லாமல் நடக்கும் போட்டிக்குக் காசு வாங்குவதில்லை. ஸ்பான்சர் பேனர் கட்டியிருக்கும் இடத்தில், டிஜேவுக்கும் ஜெனரேட்டருக்கும் சம்பளம் கொடுக்கும் இடத்தில், "எக்ஸ்போஷர் கிடைக்கும் ப்ரோ" என்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன். அங்கே நான் சும்மா எடுத்தால், இதை வைத்தே வாடகை கட்டும் ஒரு போட்டோகிராபரின் ஒருநாள் வேலை போகிறது. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, அவருக்கு வரவில்லை. ஆர்வக்காரர்கள் மீது தொழில்காரர்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி இதனால்தான், அந்தக் கோபம் சரியானதும்கூட.

உரிமை விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. ஆக இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு போட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் அந்தப் படத்தை வேறொருவருக்கு விற்கப் போனால் சிக்கல். வாட்ஸப்பிலாவது இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: படம் உங்கள் விளம்பரத்துக்கு, உரிமை என்னிடம். இலவசமாகக் கொடுத்த படத்தை என் பெயரை வெட்டிவிட்டு பேனரில் போட்டவர்களும் உண்டு. கேட்டால் "உங்க படமா சார் அது, நெட்ல இருந்துச்சு" என்பார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவர்கள் போட்டிக்கு மட்டும் போவதில்லை.

அக்ரெடிடேஷனில் வரும் அனுமதியும் செய்திக்கு மட்டும்தான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அந்தப் படத்தை பிரேம் போட்டு விற்பதோ, ஜிம் விளம்பரத்துக்குக் கொடுப்பதோ நிபந்தனையை மீறுவது. கையெழுத்துப் போடும் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பள்ளிக்கூடப் போட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், பெண் பிள்ளைகளின் தடகளம் இங்கெல்லாம் பெரிய லென்ஸோடு நிற்கும் அறிமுகமில்லாத ஆணைப் பார்த்துப் பெற்றோருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும், வர வேண்டும். நான் போனதும் பி.டி. மாஸ்டரிடமோ மேடத்திடமோ பேசி, அவர்கள் மூலமாகவே பெற்றோருக்குச் சொல்லிவிடுவேன். படத்தைப் பள்ளிக்குத்தான் கொடுப்பேன், என் பக்கத்தில் பிள்ளைகளின் பெயரோடு போடுவதில்லை. ஓர் அம்மா வந்து "என் பொண்ணு படத்த அழிச்சிடுங்க" என்றால் காரணம் கேட்காமல் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். அந்த நாளின் நல்ல படம் அதுவாகவே இருந்தாலும்.

சேப்பாக்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் போகவில்லை, பிப் போட்டுக்கொண்டு. விண்ணப்பித்தேன், பதில் இல்லை. கவலையும் பெரிதாக இல்லை. ஹாக்கியில் பெயர் சொன்னால் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறேன், வாலிபால் செயலாளர்கள் போனில் இருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மைதானங்கள் குளமாகிவிடும், யாரும் ஆட மாட்டார்கள். போர்ட்ஃபோலியோவைச் சீர்செய்ய, கடிதம் எழுத அதுதான் நேரம். பொங்கல் முடிந்ததும் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் டே, மாவட்டப் போட்டிகள், கபடி என்று ஒரேயடியாக வரும். அப்போது போய்க் கேட்டால் செயலாளர்களுக்குப் பேச நேரம் இருக்காது. டிசம்பரிலேயே போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். தேதி மாறும். மறுபடி போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.